மூச்சு ஏறும்போது கொடுங்கள்

அக்காவின் மூச்சு முதல் தடவை நின்றபோது நாங்கள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம்.

மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் பிற்பகல் கோப்பி அவள் கட்டிலைச் சுற்றித்தான். கால் வீங்கி, எழுந்து நடக்க முடியாமல் அவள் படுத்துவிட்ட பிறகு, அடுக்களையில் தனியாக உட்கார்ந்து குடிக்க மாமாவுக்கும் எனக்கும் மனம் வரவில்லை. மாமா என்றால் அவள் வீட்டுக்காரர். பிள்ளை இல்லாத வீடு. நான் தம்பி, அப்போது கல்யாணம் ஆகாதவன், அவர்களோடுதான் இருந்தேன்.

அன்றைக்கு அவள் கண்ணை மூடியிருந்தாள். மூச்சு மெல்ல ஏறியது. ஏற ஏற, சாமான் ஏற்றிய லோரி மேட்டில் ஏறுகிற மாதிரி சத்தம் வந்தது. உச்சிக்குப் போய், அப்புறம் இறங்கியது. இறங்கி, சிறுத்து, நூலாகி, இல்லை. நெஞ்சு அசையவில்லை. மாமா குவளையைக் கீழே வைத்தார். வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. கொல்லையில் கோழி கிளறிக்கொண்டிருந்தது, அதுவும் நின்றுவிட்டதாக எனக்குப் பட்டது. நான் எழுந்திருக்கவுமில்லை, அவளைக் கூப்பிடவுமில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கோப்பியில் ஆடை படிகிற நேரம்.

பிறகு, வேறு எங்கேயோ போய்விட்டு வந்தவள் மாதிரி, ஒரு சின்ன மூச்சு. அதன் பின்னால் இன்னொன்று. மறுபடியும் மேடு.

"உசுர வாங்கிட்டியே புள்ளே," என்றார் மாமா.

மூச்சு உச்சிக்கு வந்ததும் அவள் கண் திறந்தாள். "என் உசுரயே என்னால புடிச்சி வைக்க முடியல. உங்க உசுர வாங்கி நான் எங்க வைக்கிறது?"

அப்படிப் பேசுகிறவள் அவள். சாகக் கிடந்தபோதும் பேச்சில் உப்புக் குறையவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துவந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். இனிமேல் அவள் வீட்டிலேயே இருப்பதுதான் நல்லது என்று சொல்லி அனுப்பியவர், சொன்னதோடு விடாமல் அடிக்கடி வீட்டுக்கு வந்து ஊசியும் போட்டுவிட்டுப் போவார். மூச்சு நின்று வந்த கதையைச் சொன்னேன். கட்டிலோரம் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தார்.

"இதயம் களைச்சுப் போச்சுது தம்பி," என்றார். "ரத்தம் மெல்லமாத்தான் ஓடுது. மூச்சுக் காணாது எண்ட சேதி மூளைக்குப் போய்ச் சேரப் பிந்துது. சேர்ந்த உடனே மூளை இழு இழு எண்டு சொல்லும். போதும் எண்ட சேதியும் பிந்தித்தானே போகும்? அதுக்குள்ள அளவுக்கு மிஞ்சி இழுத்துப்போடும். பிறகு, இப்ப தேவையில்லை எண்டு நிப்பாட்டிப்போடும். விளங்குதோ?"

விளங்கியது. எனக்கு விளங்கிய அளவு வேறு யாருக்கும் விளங்கியிருக்காது, ஏனென்றால் அதே நோயை நான் வேலை செய்த இடத்தில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டணத்துக்கு மின்சாரம் கொடுக்கிற என்ஜின் வீட்டில் எனக்கு வேலை. பள்ளிக்கூடப் படிப்பு குறைவு. காதும் கையும் சொல்லிக்கொடுத்ததுதான் மிச்சம். நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிற வருஷம் அது. கடைத்தெருவெல்லாம் விளக்குத் தோரணம் கட்டினார்கள். கட்டி, ஏற்றிப் பார்ப்பார்கள், அணைப்பார்கள், மறுபடி ஏற்றுவார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. என்ஜினுக்கு ஒவ்வொரு தடவையும் முதுகில் மூட்டை ஏற்றி இறக்குகிற பாடு.

டீசல் என்ஜினுக்கு கவர்னர் என்று ஒரு கருவி உண்டு. இரண்டு இரும்புக் குண்டுகள் சுழன்றுகொண்டிருக்கும். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து எண்ணெயைக் குறைக்கும். வேகம் குறைந்தால் சுருங்கி எண்ணெயைத் திறந்துவிடும். குண்டையும் எண்ணெய்க் குழாயையும் சேர்க்கிற ஆணிகள் தேய்ந்துபோனால், குண்டு சொல்வது குழாய்க்குப் பிந்திப் போய்ச் சேரும். அதற்குள் என்ஜின் வேறு பக்கம் போயிருக்கும். குறை என்று சொல்ல வேண்டிய நேரத்தில் கூட்டும், கூட்ட வேண்டிய நேரத்தில் குறைக்கும். அப்படியே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பட்டணம் முழுக்க விளக்கு பொங்கிப் பொங்கி மங்கும்.

"என்ஜின் ஊசலாடுது," என்றுதான் நாங்கள் சொல்வோம். உயிர் ஊசலாடுது என்று ஊரில் சொல்கிற பேச்சை அதுவரை நான் சும்மா பேச்சாகத்தான் கேட்டிருந்தேன். அக்காவின் கட்டிலோரம் உட்கார்ந்தபோதுதான், இதை முதலில் சொன்ன ஆள் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஓடுகிற என்ஜினைத் திறந்து பார்க்க முடியாது. நிறுத்திவிட்டுத் திறந்தால் நோய் தெரியாது, ஏனென்றால் நோய் ஓட்டத்தில்தான் இருக்கிறது. அதனால் வெளியே நின்று ஒன்றைக் கொடுத்து, அது என்ன திருப்பித் தருகிறது என்று பார்க்க வேண்டும். எங்களிடம் ஒரு பெரிய மரப்பீப்பாயில் உப்புத் தண்ணீர் இருந்தது. மின்கம்பியில் கட்டிய இரும்புத் தட்டை அதற்குள் சட்டென்று இறக்கினால் என்ஜின்மேல் பாரம் விழும். எவ்வளவு பாரம் என்பது தட்டு முங்குகிற ஆழத்தில் நம் கையில் இருக்கிறது. இறக்கியதும் வேகம் காட்டுகிற முள்ளைப் பார்க்க வேண்டும். எவ்வளவு பிந்தி அசைகிறது, எவ்வளவு தூரம் விழுகிறது, எத்தனை ஆட்டம் ஆடி அடங்குகிறது. அதிலிருந்து உள்ளே எது தேய்ந்திருக்கிறது, எது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம். பல வருஷம் கழித்து, பொறியியல் படித்த உறவுக்காரப் பெண் ஒருத்தி தன் பாடப்புத்தகத்தைக் காட்டினாள். உள்ளே போவது ஓர் அம்பு, வெளியே வருவது ஓர் அம்பு, நடுவில் வெறும் பெட்டி. அமைப்பை அடையாளம் காணுதல் என்று அதற்கு ஒரு படிப்பே இருக்கிறதாம். அந்தப் பெட்டிக்குள் என்ஜினும் வைக்கலாம், மனுஷ இதயமும் வைக்கலாம் என்று சொன்னாள். நான் அந்தப் பெட்டியை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். அவள் நினைத்தாள், கிழவருக்குப் புரியவில்லை என்று.

ஆனால் பீப்பாய்க்கு முன்னால் ஒரு வேலை உண்டு. அதை நான் அடிபட்டுக் கற்றேன். எதையும் தொடாமல் பார்ப்பது. ஒரு தடவை ஒரு திருகாணியைத் திருகினேன், ஆட்டம் நின்றது. சாதித்துவிட்டதாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆடியது. அது தானாக அடங்கியிருந்த வேளையில் நான் போய்க் கையை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். நாம் இல்லாதபோது அது என்ன செய்யும் என்று தெரிந்தால்தான், நாம் செய்ததால் அது என்ன செய்தது என்று தெரியும்.

வீட்டிலும் நான் அதையே செய்தேன். கட்டில் சட்டத்தில் விரலைத் தட்டிக்கொண்டே அக்காவின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற்றம் எவ்வளவு, இறக்கம் எவ்வளவு, மூச்சே இல்லாத வெறுமை எவ்வளவு என்று விரலுக்குப் பழகிவிட்டது. தலையணையை உயர்த்திச் சாய்த்து உட்கார வைத்தால் வெறுமை சுருங்குவதாகத் தோன்றியது. உண்மைதானா? என்ஜினாக இருந்தால் தட்டை இறக்கியும் பார்ப்பேன், தூக்கியும் பார்ப்பேன். அக்காவின் தலையணையை எடுத்துவிட்டுப் பார்க்க எனக்குக் கை வரவில்லை. அதனால் அது இன்றைக்கும் தெரியாது.

ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. வெறுமையில் வாயில் எதை வைத்தாலும் புரைக்கேறும். முகம் நீலமாகும். மூச்சு ஏறி, கண் திறந்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் கொடுத்தால் பிள்ளை மாதிரி விழுங்குவாள்.

அந்த நாட்களில் வீட்டுக்குள் இன்னொன்று நடந்தது, அதைச் சொல்ல எனக்குக் கூச்சம். மாமா பிற்பகலில் பிரம்பு நாற்காலியில் சாய்ந்தபடி தூங்குவார். ஒரு நாள் பார்த்தேன், அவர் மூச்சும் ஏறிக்கொண்டிருந்தது. அக்காவோடு ஏறி, அக்காவோடு இறங்கி, அவள் நிறுத்தியபோது அவரும் நிறுத்தினார். அப்புறம்தான் கவனித்தேன், நானும் என் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அந்த அறையில் யாருடைய மூச்சு யாரை இழுத்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

குருபோங் பக்கம் ரப்பர் தோட்டத்திலிருந்து பெரியம்மா வந்து சேர்ந்தார். எங்கள் அம்மாவின் அக்கா. வாசலில் மூட்டையை வைத்ததும் கட்டிலுக்கு வந்து அக்காவின் நெற்றியைத் தடவினார், மூச்சைப் பார்த்தார், என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார்.

"இது ஏதோ ஆசைல நிக்கிது ஐயா. உசுரு போக வழி தெரியாம இழுத்துக்கிட்டுக் கெடக்குது. என்ன ஆசைன்னு கண்டுபுடிச்சிக் குடுத்துட்டா நிம்மதியாப் போயிடும்."

"டாக்டரு வேற மாதிரி சொல்றாரு பெரியம்மா."

"டாக்டரு மருந்து குடுக்கட்டும். நான் வேணாம்னா சொன்னேன்?"

முதலில் மண்ணாசை. கொல்லையில் ஒரு பிடி மண் எடுத்துத் தண்ணீரில் கரைத்துத் தெளிவை இறுத்தார். மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். "இது வாடகை வூட்டு மண்ணுலா. இதுக்கு அவ எதுக்கு ஆசப்படப் போறா? ஆசப்பட்டா வூட்டுக்காரன் வாடகைய ஏத்துவான்."

"நீங்க சும்மா இருங்க மாப்ள."

ஒரு சொட்டு வாயில் விட்டதும் மூச்சு அடங்கியது. "பாத்தீங்களா, மண்ணுதான்!" என்றார் பெரியம்மா. அடங்கியது மறுபடி ஏறியது, இருமலோடு. அடுத்த நாள் தன் காதுத் தோட்டைக் கல்லில் உரசித் தங்கத் தண்ணீர். அப்போதும் அடங்கியது, அப்போதும் ஏறியது. நான் சிரிக்கவில்லை. பெரியம்மா செய்தது நான் பீப்பாயில் செய்ததுதான். உள்ளே தெரியாத ஒன்றுக்கு ஒன்றைக் கொடுத்து, பதில் வருகிறதா என்று பார்க்கிறார். தானாக அடங்குகிற மூச்சைத் தனக்கு வந்த பதிலாக எடுத்துக்கொண்டார். திருகாணியைத் திருகிவிட்டு ஊரெல்லாம் சொன்னவன் அவரைப் பார்த்து எந்த வாயால் சிரிப்பது?

அன்று மாலை மாமாவும் பெரியம்மாவும் வாசலில் இருந்தபோது அக்கா மூச்சின் உச்சியில் கண் திறந்து என்னைப் பார்த்தாள். பேச்சு துண்டு துண்டாகத்தான் வரும். ஒரு ஏற்றத்தில் கொஞ்சம், அடுத்த ஏற்றத்தில் மிச்சம்.

"எல்லாம் கேக்குதுடா."

"எது?"

கண் மூடிக்கொண்டது. மூச்சு இறங்கியது, நின்றது. நான் தட்டிக்கொண்டிருந்தேன். மறுபடி ஏறியது.

"மூச்சு நிக்கும்போது நீங்க பேசுறது. மண்ணு, தங்கம், எல்லாம். கெணத்துக்குள்ள இருந்து கேக்குற மாதிரி." மறுபடி ஒரு வெறுமை. "நின்னிருச்சின்னு பாலை ஊத்திடாதீங்கடா. நான் உள்ளதான் இருக்கேன். பெரியம்மா கைய நீ பாத்துக்க."

பால் என்று அவள் சொன்னது எதை என்று எனக்குத் தெரியும். உயிர் போகிறபோது உறவு ஒவ்வொன்றும் வாயில் ஒரு சொட்டுப் பால் விடுவது எங்கள் வழக்கம். அதை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் வெறுமையில் விட்ட பால் தொண்டைக்குப் போகாது, மூச்சுக்குழாய்க்குப் போகும். வழியனுப்புகிறோம் என்று நினைத்து நாங்களே அவளை முடித்துவிடுவோம், அவள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருக்க.

பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஒங்க பெரியப்பாவ ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் போட இழுத்துக்கிட்டுப் போனான். எந்தக் காட்டுல விழுந்தாரோ. தொண்டைய நனைக்க ஒரு சொட்டு ஊத்த ஆள் இல்ல. நீ என்னா வேணா சொல்லு ஐயா. எனக்கு முன்னால இன்னொரு உசுரு வறண்ட தொண்டையோட போவக்கூடாது."

நான் கட்டிலோரம் திரும்பிப் போய் விரலைத் தட்டத் தொடங்கினேன்.

பக்கத்து வீட்டில் மலாக்காச் செட்டி அம்மாள் ஒருவர் இருந்தார். பல தலைமுறைக்கு முன்னால் வந்து மலாய்க்காரரோடு கலந்துபோன தமிழ்க் குடும்பம். மலாய்ப் பெண்களைப் போலக் கெபாயாச் சட்டையும் சாரோங்குமாக வந்து அக்காவுக்குத் துணையாக உட்காருவார். அவர்கள் வீட்டில் பேச்சு மலாய்தான். சாமிக்கும் சடங்குக்கும் மட்டும் கொஞ்சம் தமிழ். இறந்த முன்னோருக்கு வருஷா வருஷம் அவர்கள் வீட்டில் பெரிய படையல் நடக்கும். செத்தவர்களைப் பற்றிப் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோனவர்களைப் போலப் பேசுவார். அக்காவின் மூச்சு நிற்கும்போது நாங்கள் எல்லாம் வெளிறிப்போவோம். அவர் மட்டும் விசிறிக்கொண்டே, "பெலும் லாகி," என்பார். இன்னும் இல்லை, இன்னும் இல்லை. மூச்சு வந்ததும் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வார். அக்கா சொன்னதை நான் அவரிடமும் சொல்லிவைத்தேன். தலையை ஆட்டினார்.

இதற்கிடையில் அந்த விளக்கு. அக்காவின் கட்டிலுக்கு மேல் தொங்கிய பல்பு அந்தி வந்தால் பொங்கி மங்கத் தொடங்கும். விளக்கின் ஆட்டம் வேகம், மூச்சின் ஆட்டம் மெதுவு. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் எப்போதாவது இரண்டும் ஒன்றாக விழும். மூச்சு நிற்கிற அதே கணத்தில் விளக்கும் மங்கும், அறை முழுக்க ஒரு நிழல் கீழே உட்காரும், பிறகு இரண்டும் சேர்ந்து எழும். அப்படி நடந்ததை ஒரு தடவை பார்த்தவர் பெரியம்மா. அதன் பிறகு நடக்காத தடவைகள் அவர் கண்ணில் படவில்லை.

"அவ உசுருலதான் அந்த வெளக்கு எரியுது," என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னார்.

அந்த விளக்கை ஆட்டுவது எங்கள் என்ஜினின் தேய்ந்த ஆணி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், நிழல் உட்காரும்போதெல்லாம் பல்பை விட்டுவிட்டு அக்காவின் நெஞ்சைத்தான் பார்த்தேன்.

கவர்னருக்குப் புது ஆணிகள் பட்டறையில் கடைந்து வந்து சேர்ந்த நாள். கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். "நாடே கவர்னர மாத்துற காலம்லா இது. ஒன் கவர்னரையும் மாத்திடு!" ஆணியை மாற்றி, ஆட்டத்தை அமுக்குகிற குடுவையில் கெட்டியான எண்ணெய் ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு, முதலில் தொடாமல் பார்த்தேன். பிறகு உப்புத் தண்ணீரில் தட்டை இறக்கினேன். முள் ஒரு தடவை விழுந்தது, எழுந்தது, நின்றது. தூக்கினேன், ஒரு தடவை எழுந்தது, நின்றது. மனசு நிறைந்துபோய் வீட்டுக்கு நடந்தேன். அந்தி நேரம். வழி நெடுகக் கடை விளக்குகள் அசையாமல் எரிந்தன. ஒவ்வொன்றையும் என் கையால் பிடித்து நிறுத்தியவன் மாதிரி பார்த்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் சந்துக்குள் திரும்பியபோது பெரியம்மாவின் குரல் கேட்டது. ஒப்பாரிக்கு எடுக்கிற முதல் இழுப்பு அது.

ஓடினேன். அறையில் மாமா கையில் பால் டம்ளரும் கரண்டியும். பெரியம்மா கட்டிலின் தலைமாட்டில் நின்று கரண்டிக்குக் கை நீட்ட, செட்டி அம்மாள் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பெலும், பெலும்," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அக்காவின் நெஞ்சு அசையவில்லை. மேலே பல்பு நிதானமாக, துளிகூட ஆடாமல் எரிந்தது.

"வெளக்கு நின்னுருச்சி ஐயா!" என்று பெரியம்மா அலறினார். "ஆடிக்கிட்டிருந்த வெளக்கு அப்படியே நின்னுருச்சி. அவளும் நின்னுட்டா. விடச் சொல்லு இந்தம்மாவ, வாய நனைக்கணும்!"

"பெரியம்மா, வெளக்க நிறுத்துனது நான்."

அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீயா? நீ ஏண்டா நிறுத்துன?"

"என்ஜின சரி பண்ணேன் பெரியம்மா. பட்டணம் முழுக்க நின்னுதான் எரியுது. வெளிய போயிப் பாருங்க."

மாமா கேட்டார், "மச்சான், சொல்லு. ஊத்தவா, வேணாமா?" கரண்டி டம்ளரில் இடித்துக் கிணுகிணுத்தது.

நான் கட்டிலோரம் உட்கார்ந்து சட்டத்தில் விரலை வைத்தேன். எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்காத இடத்தில் நின்ற மூச்சு. விரல் எங்கிருந்து தொடங்குவது? தட்டினேன். விரலுக்குப் பழகிய நீளம் வந்தது. வரவில்லை. தாண்டியது. வரவில்லை. ஆணியைச் சரிசெய்ததோடு இதையும் நான்தான் நிறுத்திவிட்டேனோ என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்தது. இன்றைக்கும் அது சில நாள் கனவில் வருகிறது. அப்படி நினைத்த அதே கணம் அவள் மூக்கோரத்தில் ஒரு சின்ன அசைவு.

"வந்துருச்சி," என்றார் மாமா, பாலைத் தூக்கிக்கொண்டு.

"இப்ப வேணாம் மாமா. இன்னும் ஏறட்டும்." மூச்சு ஏறியது. பெரியம்மாவின் மூச்சும் அதோடு ஏறியது, செட்டி அம்மாளுடையதும். "இன்னும். கண்ணு தொறக்கட்டும்." கண் திறந்தது. "இப்ப குடுங்க."

மாமா ஒரு கரண்டி கொடுத்தார். அவள் விழுங்கினாள். நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தாள்.

"என்னா இது, பாலா? சீனி போடலையா?"

அழுகையும் சிரிப்புமாக அந்த அறை என்ன சத்தம் போட்டது என்று எழுத முடியாது. பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சீனி எடுக்க அடுக்களைக்கு ஓடினார். பிறகு நாங்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொடுத்தோம். ஒரு ஏற்றத்துக்கு ஒரு கரண்டிதான். மூச்சு இறங்கும்போது எல்லோரும் கரண்டியோடு காத்திருப்பது, ஏறும்போது நான் தலையசைப்பது. மாமா, நான், செட்டி அம்மாள். அவர் தன் வீட்டுச் சாமியைக் கூப்பிட்டுவிட்டுக் கொடுத்தார். பெரியம்மா கடைசி. தன் பங்கைக் கொடுத்தவர், போகாமல் அங்கேயே நின்றார். அடுத்த ஏற்றத்தில் இன்னொரு கரண்டியை நீட்டினார்.

"இது ஒங்க பெரியப்பா பேருக்கு," என்றார். "நீ குடிச்சாப் போயிச் சேரும்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். மூச்சு இறங்கத் தொடங்கியிருந்தது, எனக்குப் பயம். ஆனால் வாய் திறந்து வாங்கி, விழுங்கினாள். சயாமுக்குப் போக வேண்டிய பால் எங்கள் வீட்டில் அவள் தொண்டை வழியாகப் போனது. பெரியம்மா கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு மண்ணையும் தங்கத்தையும் பற்றி அவர் பேசவில்லை. பால் குடுத்தாச்சு என்று மட்டும் கேட்பவர்களிடம் சொல்வார், கணக்குத் தீர்ந்தவர் மாதிரி.

சுதந்திர முழக்கத்தைப் பக்கத்து வீட்டு ரேடியோவில் அக்கா கேட்டாள். "எனக்கும் குடுக்கச் சொல்லு," என்றாள். அதற்கப்புறமும் சில நாள் இருந்தாள்.

அதுவும் ஒரு பிற்பகல்தான். கோப்பி வைத்திருந்தோம். மூச்சு ஏறியது, இறங்கியது, நின்றது. நான் விரலைத் தட்டிக்கொண்டிருந்தேன். மாமா பதறவில்லை, பழகிவிட்டிருந்தது.

"வரும்லா?" என்றார்.

"வரும் மாமா."

பால் குவளையைத் தேடி யாரும் எழுந்திருக்கவில்லை. கொடுத்தது கொடுத்தாயிற்று. பெரியம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். நான் தட்டிக்கொண்டே இருந்தேன். விரலுக்குப் பழகிய நீளத்தைத் தாண்டி, அன்று அந்தியில் தாண்டியதையும் தாண்டி, தட்டிக்கொண்டே இருந்தேன். செட்டி அம்மாள் விசிறியை நிறுத்தினார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் எழுந்து வந்து, கட்டில் சட்டத்தில் இருந்த என் விரலைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டார்.

அக்கா கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நாங்கள் வெகு நேரம் அழவில்லை.

மாமா அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார். அதே வீடு, அதே பிரம்பு நாற்காலி. பிற்பகலில் தூங்குவார். வேலையிலிருந்து சீக்கிரம் வந்த ஒரு நாள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குக் கேட்டது. மூச்சு மெல்ல ஏறியது. சாமான் ஏற்றிய லோரி மேட்டில் ஏறுகிற மாதிரி. உச்சிக்குப் போய் இறங்கியது. இறங்கி, நூலாகி, நின்றது. அறையில் கட்டில் காலியாகத்தான் கிடந்தது.

எழுப்பிக் கேட்டால், "நல்லா தூங்குனேன் மச்சான்," என்பார். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒண்டுமில்லை," என்று அனுப்பினார். பெரியம்மாவிடம் சொன்னபோது, "அவ வந்து ஒக்காந்திருக்கா, வேறென்ன?" என்றார். வெற்றிலை மடிப்பதை நிறுத்தவில்லை.

பிற்பகல்களில் நான் அந்த வாசலில் நின்றிருக்கிறேன். இரண்டு மூச்சு சேர்ந்து ஓடினால் ஒன்று நின்ற பிறகு இன்னொன்று எவ்வளவு காலம் அதே தாளத்தில் ஓடும் என்று சொல்ல என்னிடம் பீப்பாய் இல்லை. அவரைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம், நாற்காலியை நகர்த்திப் பார்த்திருக்கலாம். செய்யவில்லை. விரலைக்கூடத் தட்டவில்லை. தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன், அது மறுபடி ஏறும்வரை.